உப்பு நான் போடுறேன்

தீபன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது உப்பைப் பற்றித்தான்.

"ரூபி, இந்த ரெண்டு பேரையும் கொஞ்சம் பாத்துக்க. யாரு மொதல்ல உப்பு எடுக்குறாங்கன்னு மட்டும் சொல்லு. நான் வந்துர்றேன்."

சனிக்கிழமை மாலை. அவன் தோளில் பூப்பந்து மட்டைப் பை தொங்கியது. சாப்பாட்டு மேசையில் கணினியை ஓடவிட்டிருந்தான். திரையில் ஒரு சின்ன வீடு, கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல. அதன் சமையலறையில் ஓர் ஆண் பொம்மையும் ஒரு பெண் பொம்மையும் ஒரே அடுப்பின் முன் நின்றிருந்தன.

"இது என்ன ஆயாக்கொட்டாயா, புள்ளைங்கள விட்டுட்டுப் போறதுக்கு?" என்றாள் ரூபினி.

"அழுதா பால் குடுத்துரு," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே காலணியை மாட்டினான்.

அவள் உட்கார்ந்து பார்த்தாள். பெண் பொம்மை கரண்டியில் எடுத்துச் சுவைத்தது. ஆண் பொம்மை சுவைத்தது. பிறகு இரண்டும் அலமாரிக்குப் போய் உப்பு ஜாடியைத் தொட்டுவிட்டு வந்தன. ஆண் பொம்மைதான் ஓர் அடி முந்தியிருந்தது. அவன் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வானம் இருட்டியிருந்ததா, மழை வந்ததா என்பதெல்லாம் பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. ஆண் பொம்மை முந்தியது மட்டும் நினைவிருந்தது.

அதற்குப் பிறகு தொலைபேசி அடித்தது. தம்போயில் உள்ள பூப்பந்து அரங்கில் இரண்டாவது ஆட்டத்தின் நடுவே தீபன் மட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். தண்ணீர் கேட்டிருக்கிறான். அது வருவதற்குள் சாய்ந்துவிட்டான். மருத்துவமனைக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது; அங்கிருந்தவர்களுக்குச் சொல்ல அதிகமாக ஒன்றும் இல்லை. வயது நாற்பத்திரண்டு.

தீபனும் அவன் மனைவி ரூபினியும் ஒரே இடத்தில்தான் நிரல் எழுதும் வேலை செய்தார்கள். ஜொகூர் பாருவில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில், ஏழு பேர் கொண்ட வீடியோ கேம் நிறுவனம். அவர்கள் செய்தது ஒரே ஒரு விளையாட்டு. அதில் ஒரு சின்ன ஊர், ஊர் நிறைய வீடுகள், வீட்டுக்கு வீடு பொம்மைகள். விளையாடுகிறவர் ஒரு குடும்பத்தை எடுத்து நடத்த வேண்டும். பொம்மைகள் தூங்கும், வேலைக்குப் போகும், சண்டை போடும், கல்யாணம் செய்துகொள்ளும், வயதாகிச் சாகும். வெளிநாடுகளில்கூட அதற்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் எல்லாரும் ஒருவாய்ப்படச் சொன்ன குறை, சமையல். அடுப்பைத் தொட்டால் ஒரு பச்சைப் பட்டை மெதுவாக நிரம்பும். நிரம்பியதும் தட்டில் சாப்பாடு வந்துவிடும். எந்த வீட்டில் சமைத்தாலும் ஒரே சாப்பாடு.

"அது சமையல் இல்ல அண்ணே, போனுக்கு சார்ஜ் போடுறது," என்று தீபன் முதலாளி கமலநாதனிடம் சொன்னான். "எங்கிட்ட குடுங்க."

கொடுத்தார். ஒன்றரை வருடம் அவன் அதிலேயே கிடந்தான். வெங்காயம் வதங்கும் நேரம், தீயின் அளவு, தண்ணீர் வற்றுவது, அடிப்பிடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். முக்கியமாக, அவனுடைய பொம்மைகள் சமைக்கும்போது நடுவில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்த்தன. உப்பில்லை என்றால் போய் எடுத்து வந்து போட்டன. வீட்டில் யாருக்குக் காரம் பிடிக்கும், யாருக்குப் புளி ஆகாது என்பதை நாளாக ஆகக் கற்றுக்கொண்டன. இரண்டு பேர் ஒரே அடுப்பில் சேர்ந்தும் சமைக்கலாம்.

அங்கேதான் சிக்கல். ஒருத்தி சுவைத்துப் பார்த்துவிட்டு அலமாரிக்கு நடந்துபோகும் நேரத்துக்குள் அடுத்தவனும் சுவைத்துவிடுவான். அவன் வாய்க்கும் உப்பில்லை. அவனும் போவான். இரண்டு பேரும் போடுவார்கள். தீபன் பல வழிகளில் முயன்றான். போடுவதற்கு முன் இன்னொரு தடவை சுவைக்கச் சொல்லிக் கட்டளை எழுதினான். பொம்மைகள் மாற்றி மாற்றிச் சுவைத்துச் சுவைத்து, அடுப்படியிலேயே முழுப் பானையையும் காலி செய்துவிட்டு, வெறும் தட்டுகளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தன. அன்று அலுவலகமே கூடி நின்று சிரித்தது.

"ஒரு அடுப்புக்கு ஒரு ஆள்னு வெச்சிரு, முடிஞ்சுது," என்றார் கமலநாதன்.

"சேந்து சமைக்க முடியலன்னா அது வீடு இல்ல அண்ணே, கேன்டீன்," என்று தீபன் மறுத்துவிட்டான். அந்தச் சனிக்கிழமை வரை அந்தப் பிழை அப்படியே இருந்தது.

காரியமெல்லாம் ரெங்கத்தில், அவன் அம்மா கிருஷ்ணம்மா வீட்டில் நடந்தது. ரூபினி அங்கேயே தங்கிவிட்டாள். ஜொகூர் பாரு வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்கிற தெம்பு இல்லை. எட்டாம் துக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்துக் கமலநாதன் அழைத்தார். முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு இருமினார்.

"ரூபினி, இத இப்பக் கேக்குறது தப்புதாம்மா. அப்டேட் தேதி வெளியில சொல்லியாச்சு, தள்ள முடியாது. அந்த சமையல் பகுதிய யாராலயும் தொட முடியல. தீபன் எழுதினது தீபனுக்குத்தான் புரியுது. பழைய பச்சப் பட்டையவே வெச்சுக்குவோமா? அப்புறம் நிதானமா அடுத்த வருஷம்…"

அடுத்த வருஷம் என்று அவர்கள் அலுவலகத்தில் ஒதுக்கிவைத்த எதுவும் வெளியே வந்ததில்லை. அவளுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும். கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் சுவரைப் பார்த்தாள். அது வெளியே வராமல் போனால், அந்த ஒன்றரை வருடம் தீபன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதற்கு அவளைத் தவிர ஆள் இல்லை.

"பதினாறு முடியட்டும் அண்ணே. நான் வந்து பாக்குறேன்."

"உன்னால முடியுமா இப்ப?"

"தெரியல. ஆனா எடுத்துடாதீங்க."

பதினாறாம் நாள் படையல். இறந்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைக்க வேண்டும். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, ரசம், பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் எலுமிச்சைத் தேநீர் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே டின் சார்டின். டின்னில் வரும் அந்த மீனை வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டினால் அவனுக்கு ஆட்டுக்கறி இரண்டாம் பட்சம்தான். படையலுக்குச் சமைப்பதை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு, காரம் எல்லாம் கை சொல்கிற கணக்குத்தான். அவன் சாப்பிட்ட பிறகே மற்றவர்கள்.

கிருஷ்ணம்மாவும் ரூபினியும் விடியலிலிருந்தே அடுப்படியில் நின்றார்கள். ஒருவர் வெங்காயம் அரிந்தால் மற்றவர் தாளித்தார். ஒருவர் நகர்ந்தால் மற்றவர் அந்த இடத்துக்கு வந்தார். இருவருக்கும் கால் வலித்தது. சடங்கு முடிந்து, இலையில் படைத்து, கற்பூரம் காட்டி, வெளியே காகத்துக்கு வைத்துவிட்டு வந்த பிறகு, சொந்தக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

முதல் கவளம் உள்ளே போனதும் கூடம் அடங்கிவிட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. படையல் சோற்றைக் குறை சொல்ல வாய் வருமா? தண்ணீர்க் குவளைகள் மட்டும் ஒவ்வொன்றாகக் காலியாயின. யோங் பெங்கிலிருந்து வந்திருந்த திருச்செல்வம், கிருஷ்ணம்மாவின் தம்பி, சார்டினை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அக்கா, இது ரெங்கமா, மெர்சிங்கா? கடல்ல மொண்டாந்து சமைச்ச மாதிரில்ல இருக்கு."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலில் போய் முடிந்தது. கிருஷ்ணம்மா ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"அட கடவுளே."

"தீபன் இத சாப்ட்டான்னா எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிப்பான்," என்றார் திருச்செல்வம்.

"வரட்டும்டா," என்றார் கிருஷ்ணம்மா. "வந்து நிக்கட்டும்."

திருச்செல்வம் ஒதுக்கி வைத்த சார்டினைத் திரும்பச் சோற்றில் பிசைந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

எல்லாரும் போன பிறகு பின்பக்கக் குழாயடியில் மாமியாரும் மருமகளும் பாத்திரம் துலக்கினார்கள்.

"நீயும் போட்டியா?" என்று கிருஷ்ணம்மா கேட்டார்.

"நீங்க போட்டிருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் அத்தை. நீங்க இருந்த இருப்புக்கு…"

"நானும் அதான் நெனச்சேன். இந்தப் பிள்ள எங்க போட்டிருக்கப் போவுதுன்னு." சட்டியைக் கவிழ்த்து வைத்தார். "வாயில வெச்சிப் பாக்க முடியாதுன்னா, எப்பவும் என்ன பண்ணுவோம்? தீபன் அப்பா படையலப்பக்கூட 'உப்பு போட்டாச்சு'ன்னு ஒரு வார்த்த சொல்லிக்குவோம்ல."

"இன்னிக்கி யாரும் சொல்லல."

"ஆமா. காலைலேர்ந்து நாம ரெண்டு பேரும் வாயே தெறக்கல."

ரூபினி அப்போது அதை விளையாட்டோடு சேர்த்து நினைக்கவில்லை. முதுகு வலிக்கிறது என்று மட்டும் நினைத்தாள்.

திங்கள்கிழமை வேலைக்குப் போனாள். டயர் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் வானொலியின் சத்தத்தைக் குறைத்தார். மேலே யாருக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. விளையாட்டைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த ஜெரால்டின் மட்டும் வந்து அவள் மேசையில் ஒரு கோப்பை மைலோவை வைத்துவிட்டு, "சூடு இருக்கும்போதே குடிச்சிருங்க அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தீபன் எழுதியிருந்ததை ரூபினி முதல் வரியிலிருந்து படித்தாள். மெதுவாகத்தான் போனது. அவனுடைய கட்டளைகளுக்கு நடுவே அவனுடைய பேச்சும் கிடந்தது. 'இது ஏன் வேலை செய்யுது, சத்தியமா தெரியாது' என்று ஓரிடத்தில். 'இங்க கை வெச்சா ரசம் எரியும்' என்று இன்னோரிடத்தில். மதியம் ஆவதற்குள் கண் எரிந்தது. சில நேரம் ஒரே வரியை நான்கு முறை படித்தாள், ஒன்றும் உள்ளே போகாமல். துக்கம் என்றால் அழுகையாக இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அது பெரும்பாலும் அலுப்பாகத்தான் இருந்தது. மாடிப்படி ஏறினால் அலுப்பு, பல் துலக்கினால் அலுப்பு.

மூன்றாவது நாள் படிப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு பொம்மைகளைச் சமைக்கவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றின் தலைக்கு மேல் வெள்ளைக் குமிழிகள் எழும்பி மறைந்தன. குமிழிக்குள் படம். ஒன்று மழையைப் பற்றிப் பேசியது. மற்றது பந்தாட்டத்தைப் பற்றி. திரும்ப மழை. பிறகு யாரோ பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி. இரண்டும் அடுப்பின் முன் தோளுரச நின்று உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பேசின. எதிரே கொதிக்கிற பானையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

குழாயடியில் அத்தை சொன்னது அப்போதுதான் திரும்பக் காதில் விழுந்தது.

தீபன் இவ்வளவு நாளும் நாக்கைத்தான் திருத்திக்கொண்டிருந்தான். எத்தனை தடவை சுவைப்பது, எப்போது சுவைப்பது என்று. வாயின் இன்னொரு வேலையை விட்டுவிட்டான். வீட்டில் அவன் சமைத்ததெல்லாம் தனியாகத்தான். அவன் அடுப்படிக்கு வந்தால் ரூபினியை வெளியே அனுப்பிவிடுவான். அவள் சமைத்தால் அவன் வெளியே போய்விடுவான். அந்தச் சமையலறையில் இரண்டு பேருக்கு இடம் கிடையாது.

அவள் எழுதத் தொடங்கினாள். பொம்மை உப்பெடுக்க நகர்வதற்கு முன் அதைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பது அதைக் கேட்க வேண்டும். கேட்டால் உப்பை விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்க வேண்டும். குமிழிக்குள் ஒரு சின்ன உப்பு ஜாடி படம், அவ்வளவுதான். அந்தச் செயலுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. 'உப்பு நான் போடுறேன்' என்றே ஆங்கில எழுத்தில் அடித்தாள். கேட்பதற்கு இவ்வளவு சின்னதாக இருந்தாலும், அதைத் தீபனின் மற்ற வரிகளோடு முட்டாமல் நுழைக்க அந்த வாரமும் அடுத்த வாரமும் போயின. இரண்டு தடவை ரசம் எரிந்தது.

கமலநாதன் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். பெண் பொம்மை சுவைத்தது. தலைக்கு மேல் உப்பு ஜாடி எழும்பியது. ஆண் பொம்மை தலையை ஆட்டிவிட்டு மிளகாய் அரியப் போனது.

"அலமாக்," என்று வியந்தார் கமலநாதன். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அண்ணே."

"அவன் பாத்திருந்தா மண்டையில அடிச்சிக்கிட்டிருப்பான்."

ரூபினிக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. முடியவில்லை.

மறுநாள் பிற்பகல் ஜெரால்டின் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, ஒரு வீட்ல மறுபடியும் ரெண்டு தடவ போடுறாங்க."

எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பொம்மைகள். பேச்சும் இல்லை, குமிழியும் இல்லை. ஆளுக்கு ஒரு தடவை உப்பு. கமலநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்டேட்டுக்கு நாள் நெருங்கிவிட்டிருந்தது.

"பாத்தியாம்மா? நீ செய்யாம இல்ல. ஆனா இப்படி ஒரு வீட்டுல ஓடி, ஒரு வீட்டுல ஓடலன்னா நான் எப்படி வெளியில விடுறது? பட்டையவே வெச்சுக்குவோம். நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காத."

ரூபினி அந்தக் குடும்பத்தின் அன்றைய காலையைப் பின்னால் ஓட்டிப் பார்த்தாள். காலையில் அந்த இரண்டு பொம்மைகளும் சண்டை போட்டிருந்தன. யார் குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது என்று. சண்டை போட்டவர்கள் அன்று முழுதும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அது விளையாட்டில் தொடக்கத்திலிருந்தே உள்ள விதி.

"அவங்க பேசிக்கல," என்றாள். "அதான் ரெண்டு பேரும் போட்டாங்க."

"சரி, அப்ப சண்டையிலயும் உப்புக்கு மட்டும் பேசுற மாதிரி மாத்த முடியுமா?"

"எதுக்கு அண்ணே மாத்தணும்?" என்று குறுக்கே வந்தாள் ஜெரால்டின். "எங்க வீட்ல டேடியும் மம்மியும் பேசாத நாள்ல குழம்பு இப்படித்தான் இருக்கும். வாயில வெச்சதும் தெரிஞ்சிரும், ஓக்கே, இன்னிக்கி சண்டன்னு. நாங்க ஒண்ணும் கேக்காம சாப்ட்டுட்டு ரூமுக்குப் போயிருவோம்."

படம் வரைகிற சீனப் பையன் என்ன சொன்னாள் என்று மலாயில் கேட்டான். சொன்னார்கள். "எங்க வீட்டுலயும்தான்லா," என்று அவன் தலையை ஆட்டினான்.

கமலநாதன் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொம்மைக் குடும்பம் மேசையில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியது. முதல் வாய்க்கு ஆண் பொம்மையின் முகம் கோணியது. பெண் பொம்மையின் முகமும் கோணியது. இரண்டும் தட்டைப் பார்த்தபடி மென்றன.

"இதப் பாத்து நான் கல்யாணம் ஆன மொத வருஷத்துக்கே போயிட்டேன்," என்றார் கமலநாதன் கடைசியில். "விடு. இருக்கட்டும். பட்டைய எடுத்துருங்க."

ரூபினி எழுந்து கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். நெடுநேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

அப்டேட் போவதற்கு முன் எஞ்சியிருந்த நாள்களில் இன்னும் ஒன்றைக் கவனித்தார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற பொம்மைகள் சில நாள் பேசாமல் இருக்கும். அதுவும் பழைய விதிதான். அதனால் அந்த வீடுகளில் இரண்டு பேர் சமைத்தால் அந்த நாள்களில் சாப்பாடு கரித்தது. யாரும் அப்படித் திட்டமிடவில்லை. தானாக அமைந்துவிட்டது. ஜெரால்டின் அதைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்தாள்.

"அத நிறுத்திரலாமா?" என்று கமலநாதன் மெதுவாகக் கேட்டார்.

"வேணாம் அண்ணே. அது சரியாத்தான் இருக்கு."

அப்டேட் சொன்ன தேதியில் வெளியே போனது. அன்று மாலை யாரோ கேக் வாங்கி வந்தார்கள். ரூபினி ஒரு துண்டை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, அதைச் சாப்பிடுகிற தெம்பும் இல்லாமல், விளையாடியவர்கள் எழுதியதைப் படித்தாள். பெரும்பாலும் பாராட்டினார்கள். உப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். தங்கள் வீட்டில் யார் உப்புப் போடுவார்கள் என்றுகூட எழுதினார்கள். தோசை சரியாகத் திரும்பவில்லை என்றார்கள். அடுத்தடுத்த மாதங்களில் அவள் தோசையைத் திருத்தினாள், எண்ணெய் தெறிப்பதைத் திருத்தினாள், ரசம் எரியும் அந்த இடத்தையும் கடைசியில் கண்டுபிடித்துச் சரிசெய்தாள். தீபன் எழுதியதில் அவள் கைபடாத பக்கம் ஒன்றுகூட இல்லை என்றாகிவிட்டது.

அரிசியைப் பற்றியும் புகார் வந்துகொண்டிருந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று தீபன், வீட்டில் அரிசி அளக்கிற பால் டின்னைக் கொண்டு ஓர் அளவு எழுதியிருந்தான், தன் வயிற்றுக்கு ஏற்றபடி. ஒரு ஆள் சாப்பிடுவதைவிட அது மிக அதிகம். எல்லா வீடுகளிலும் சோறு மிஞ்சி, மறுநாள் ஊசிப்போய்க் குப்பைக்குப் போகிறது என்று எழுதினார்கள். பாதியாகக் குறைத்துவிடு என்று கமலநாதன் சொன்னார். ஜெரால்டின் இரண்டு முறை நினைவுபடுத்தினாள். ஒரே ஓர் எண்தான், மாற்ற ஒரு நொடி ஆகாது. பார்க்கிறேன் என்று ரூபினி ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

அந்தப் பொம்மை ஊரில் இன்றைக்கும் ஒரு ஆளுக்கு ஒரு பால் டின் அரிசி.